கோழிக் குடற்புழுவும் மூலிகையும்: கொல்வது வேறு, குறைப்பது வேறு

நாட்டுக்கோழி வளர்ப்போரிடையே இரண்டு எதிரெதிரான பேச்சுகள் உலவுகின்றன. வேப்பிலையும் பூண்டும் மஞ்சளும் இருந்தால் குடற்புழு மருந்து வாங்கவே தேவையில்லை என்பது ஒன்று. மூலிகை என்பது வெறும் நம்பிக்கை, புழுவுக்கு அது எதுவும் செய்யாது என்பது மற்றொன்று. எந்த ஒட்டுண்ணி, அதன் எந்தப் பருவம், செடியின் எந்தப் பகுதி, எவ்வளவு அளவு ஆகிய நான்கையும் கேட்காமலே தீர்ப்புச் சொல்வதுதான் இரு தரப்புக்கும் பொதுவான பிழை. இந்த நான்கையும் வரிசையாகக் கேட்டால், சில இடங்களில் மூலிகைக்கு உண்மையான பயன் உண்டு என்பதும், அந்தப் பயன் பெரும்பாலும் புழுவை ஒழிப்பதாக இல்லாமல் அதன் சுமையைக் குறைப்பதாகவே இருக்கிறது என்பதும் தெரியவரும்.

'குடற்புழு' என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு உயிரினக் கூட்டங்கள்

கோழியின் குடலில் வாழும் ஒட்டுண்ணிகளை நாம் ஒரே பெயரால் அழைத்தாலும், அவற்றின் உடலமைப்பும் பரவும் வழியும் ஒரே மாதிரியானவை அல்ல.

1. பெரிய உருளைப்புழு. இதன் அறிவியல் பெயர் அஸ்காரிடியா கல்லி. சிறுகுடலில் வாழும். பெண் புழு 7 சென்டிமீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. எச்சத்தோடு வெளியேறும் முட்டை, ஈரமும் வெப்பமும் உள்ள கூளத்தில் (கொட்டகைத் தரையில் பரப்பும் உமி போன்ற படுக்கையில்) ஏறத்தாழ 10 முதல் 20 நாளில் நோய்பரப்பும் நிலையை அடைகிறது. கோழி அதைக் கொத்தி விழுங்கிய பின் இளம்புழு சில காலம் குடல் சவ்வுக்குள் பதிந்து வளர்ந்து, பிறகுதான் குடலின் உட்குழிக்குத் திரும்புகிறது. விழுங்கிய நாளிலிருந்து அடுத்த தலைமுறை முட்டை வெளிவர 5 முதல் 8 வாரமாகும். அபூர்வமாக இந்தப் புழு எச்சவாய் வழியே முட்டைக்குழாய்க்குள் ஏறி, உடைத்த கோழிமுட்டைக்குள் காணப்படுவதும் உண்டு.

2. குருட்டுக்குடல் புழு. ஹெட்டராகிஸ் கல்லினாரம் எனப்படுவது. ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் நீளமே உள்ள இப்புழு கோழிக்கு நேரடியாகப் பெரிய தீங்கு செய்வதில்லை. ஆனால் ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒருசெல் உயிரியைத் தன் முட்டைக்குள் சுமந்து செல்வதால், அதே மண்ணில் மேயும் வான்கோழிகள் 'கருந்தலை நோய்' கண்டு இறக்கின்றன.

3. நாடாப்புழுக்கள். ராய்லியெட்டினா இனங்களே நம்மூரில் அடிக்கடி காணப்படுபவை. இவை கோழியிலிருந்து கோழிக்கு நேரடியாகப் பரவா. எறும்பு, வண்டு போன்ற பூச்சிக்குள் ஒரு பருவத்தைக் கழித்தாக வேண்டும். அந்தப் பூச்சியைக் கோழி தின்னும்போதுதான் தொற்று ஏற்படுகிறது. ராய்லியெட்டினா எக்கினோபோத்ரிடா என்ற இனம் தலையைக் குடல் சுவருக்குள் புதைத்து, சிறுசிறு முடிச்சுகளை உண்டாக்குகிறது.

4. ஐமீரியா. இது புழுவே அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒருசெல் ஒட்டுண்ணி. ரத்தக்கழிச்சல் என்று பண்ணையாளர்கள் சொல்லும் நோய் இதனால் வருவதே. ஐமீரியா டெனெல்லா என்ற இனம் குருட்டுக்குடலைத் தாக்கி ரத்தத்தோடு கழிய வைக்கிறது. மற்ற இனங்களில் சில ரத்தமே காட்டாமல் எடையை மட்டும் குறைக்கின்றன.

இந்த நான்காவது கூட்டத்தைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளாவிட்டால் பின்வரும் எந்த விவாதமும் விளங்காது. ஆல்பெண்டசோல், லெவமிசோல் போன்ற புழுநீக்க மருந்துகள் ஐமீரியாவை ஒன்றும் செய்யா. ரத்தக்கழிச்சலுக்குத் தரப்படும் ஆம்ப்ரோலியம் புழுக்களை ஒன்றும் செய்யாது. புழுக்களுக்குள்ளேயும் இந்தப் பிரிவு தொடர்கிறது: பிப்பரசின் பெரிய உருளைப்புழுவின் முதிர்ந்த பருவத்தை வெளியேற்றுமே தவிர நாடாப்புழுவைத் தொடாது. வேதி மருந்துகளே இப்படிக் குறுகிய இலக்கோடு வேலை செய்யும்போது, ஒரே மூலிகைக் கலவை நான்கையும் தீர்க்கும் என்று ஒரு பொட்டலத்தில் அச்சிட்டிருந்தால் அந்தப் பொட்டலத்தைச் சற்று ஐயத்தோடு பார்ப்பதே முறை.

வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லப்படும் ராணிக்கெட் நோய் இந்தப் பட்டியலிலேயே சேராது. அது நச்சுயிரியால் வருவது, அதற்குத் தடுப்பூசி மட்டுமே வழி. 'கழிச்சல்' என்ற சொல் பொதுவாக இருப்பதால், கழியும் கோழிக்கெல்லாம் புழுமருந்தோ வேப்பிலையோ கொடுத்துக் காலம் கடத்துவது மூலிகை மீதான பழியாகவும் முடிகிறது.

இப்போது ஏன் இந்தக் கேள்வி எழுந்தது

நாமக்கல் வட்டாரத்து முட்டைக்கோழிப் பண்ணைகளைப் போலக் கம்பிக் கூண்டில் வளரும் கோழி தன் எச்சத்தை மிதிப்பதில்லை. ஆகவே உருளைப்புழுவின் சுழற்சி அங்கே அறுந்துவிடுகிறது. (நாடாப்புழு மட்டும் ஈ, வண்டு வழியாகக் கூண்டுக்கும் வந்து சேரும்.) ஆழ்கூளத்திலும் புறக்கடையிலும் வளரும் கோழிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரி முதல் பழைய வகைக் கூண்டுகளைத் தடை செய்த பிறகு, ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்த அஸ்காரிடியா அந்நாடுகளின் பண்ணைகளில் மீண்டும் பேசுபொருளானது. நம்மூரில் நாட்டுக்கோழி முட்டைக்கும் இறைச்சிக்கும் கூடுதல் விலை கிடைப்பதால் தரையில் வளர்ப்பது பெருகி, அதே சிக்கல் வேறு வழியாக வந்திருக்கிறது.

சட்டம் சார்ந்த குழப்பமும் இதில் கலந்திருக்கிறது. வளர்ச்சியைத் தூண்டுவதற்காக நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தீவனத்தில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் நிறுத்தியது. இந்தியா 2019-இல் கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுப்பதைத் தடை செய்தது. இச்செய்திகளைப் படித்தவர்கள் புழுமருந்தும் தடையாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வதுண்டு. புழுநீக்க மருந்து நுண்ணுயிர்க்கொல்லி அல்ல. மேற்சொன்ன தடைகள் அதைத் தொடவில்லை.

நுண்ணுயிர்க்கொல்லிக் கட்டுப்பாடு தொடும் இடம் ரத்தக்கழிச்சல்தான். மொனென்சின், சாலினோமைசின் போன்ற அயனோஃபோர் வகை மருந்துகள் ரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கறிக்கோழித் தீவனத்தில் பல பத்தாண்டுகளாகக் கலக்கப்பட்டு வருகின்றன. அமெரிக்கா இவற்றை நுண்ணுயிர்க்கொல்லி என்றே வகைப்படுத்துகிறது. ஐரோப்பா இவற்றைத் தீவனச் சேர்க்கைப் பொருளாகக் கருதுகிறது. ஆகவே 'நுண்ணுயிர்க்கொல்லி அறவே இல்லை' என்ற முத்திரையோடு அமெரிக்காவில் விற்கும் கோழிக்கு அயனோஃபோர் கொடுக்க இயலாது. அந்த இடத்தை நிரப்பத்தான் ஓரிகானோ எண்ணெய், தைமால், சப்போனின் முதலிய தாவரப் பொருள்களுக்குப் பெரிய சந்தை உருவானது. மூலிகை ஆய்வுகளில் மிகுதியானவை புழுவைவிட ஐமீரியாவைச் சுற்றியே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இயற்கை வேளாண் சான்று பெற விரும்புவோருக்கு விதி வேறு. 2022 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய விதிப்படி, வேதி மருந்தை முன்தடுப்பாகக் கொடுக்கக் கூடாது. பயன் தரும் என்றால் தாவர மருந்துக்கே முன்னுரிமை. நோய் வந்த பறவைக்கு வேதி மருந்து கொடுத்தால், அதன் வழக்கமான விலக்குக் காலத்தை (மருந்து கொடுத்த பின் முட்டையையும் இறைச்சியையும் விற்காமல் வைக்கும் காலத்தை)ப்போல இரு மடங்கு காத்திருக்க வேண்டும். ஆயினும் ஆண்டுக்கு இத்தனை முறைதான் மருந்து தரலாம் என்ற வரம்பில் ஒட்டுண்ணி நீக்கம் சேர்க்கப்படவில்லை என்பது பலர் கவனிக்காத நுணுக்கம். புழு முற்றிய கோழியை மூலிகையை நம்பிச் சாகவிடுமாறு எந்த இயற்கை வேளாண் விதியும் சொல்லவில்லை.

செடிகளில் என்ன இருக்கிறது

செடி பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளச் சேர்த்துவைத்த வேதிப்பொருள்களைத்தான் நாம் மருந்து என்கிறோம். அவை புழுவைத் தாக்கும் வழிகள் ஒன்றுபோல் இல்லை.

பப்பாளியை முதலில் எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் அதன் செயல்முறை தெளிவாக அறியப்பட்டது. பப்பாளிக்காயின் பாலில் உள்ள பப்பாயின் முதலிய புரதச் சிதைப்பு நொதிகள், உருளைப்புழுவின் புறத்தோலை நேரடியாகச் செரித்துவிடுகின்றன. புழுவின் நரம்பையோ தசையையோ தாக்கும் வழக்கமான மருந்துகளிலிருந்து இது முற்றிலும் வேறுபட்ட வழி. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகக் குழு எலிகளில் இதை விரிவாக ஆராய்ந்தது. ஆனால் இரண்டு தடைகள் உண்டு. நொதி என்பது புரதம், ஆகவே வயிற்று அமிலத்தில் அதன் ஆற்றல் குறையும். மேலும், பால் பச்சைக்காயில்தான் மிகுதி, பழத்தில் ஏறக்குறைய இல்லை. பழுத்த பப்பாளியைக் கோழிக்குப் போட்டுப் புழு நீக்கியதாக எண்ணுவது நல்ல தீனி கொடுத்ததாகவே முடியும்.

பப்பாளி விதை இன்னொரு கதை. அதில் பென்சில் ஐசோதயோசயனேட் என்ற காரப்பொருள் உண்டாகிறது. ஆனால் விதைக்குள் அது ஆயத்தமாக இருப்பதில்லை. விதையை நசுக்கும்போது அதிலுள்ள ஒரு நொதி வேலை செய்து அதை விடுவிக்கிறது. வறுத்தாலோ கொதிக்க வைத்தாலோ அந்த நொதி அழிந்துவிடும். பூண்டும் இப்படித்தான். முழுப் பல்லில் அல்லிசின் என்ற காரப்பொருள் இல்லை, நசுக்கிய பிறகு உண்டாகிறது, வேகவைத்தால் உண்டாவதில்லை. எனவே 'பூண்டு கொடுத்தேன்' என்ற ஒரு வரியில் பச்சையாக நசுக்கியதா, வதக்கியதா, மூன்று நாள் ஊறியதா என்பது சொல்லப்படாவிட்டால் அந்தத் தகவலால் பயன் குறைவு.

பூண்டைப் பற்றிய நம்பிக்கைக்கு நெதர்லாந்தில் ஒரு சோதனை நடந்தது. அஸ்காரிடியா தொற்றிய கோழிகளுக்கு அல்லிசின் கொடுத்துப் பார்த்து 2011-இல் வெளியிட்ட முடிவில், அது புழுவின் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. ஒப்பீட்டுக்காகக் கொடுத்த ஃப்ளுபெண்டசோல் என்ற வேதி மருந்து நன்றாக வேலை செய்தது. பூண்டு பயனற்ற பொருள் என்று இதற்குப் பொருளில்லை. அந்த வடிவத்தில், அந்த அளவில், அந்தப் புழுவுக்கு அது மருந்தாகவில்லை என்பதே பொருள்.

சித்த மருத்துவம் மனிதருக்குப் புழுநீக்கியாகப் பயன்படுத்தும் செடிகளில் புரசு என்ற பலாசு முன்னிலை வகிக்கிறது. முருக்கன் விதை மாத்திரைக்கு அடிப்படையான விதை இதுவே. இதில் பலாசோனின் என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டிருக்கிறது; உருளைப்புழுவின் மேல் அதன் செயல் சோதிக்கப்பட்டதும் உண்மை. பலாசோனினின் வேதியமைப்பு, கொப்புளம் எழுப்பும் வண்டுகளின் நஞ்சான காந்தாரிடினுக்கு நெருங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சித்த மருத்துவர் அளவைக் கண்டிப்பாக வரையறுப்பதற்குக் காரணமில்லாமல் இல்லை.

வாய்விடங்கம் நாடாப்புழுவுக்குப் பெயர்பெற்றது. அதன் பழத்தில் உள்ள எம்பெலின்தான் செயல்பொருள். நாட்டு மருந்துக் கடைகளில் வாய்விடங்கம் என்ற பெயரில் அதே குடும்பத்தின் வேறு இனங்களின் பழங்களும் விற்கப்படுகின்றன என்பது தாவரவியலாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை. காய்ந்து மிளகு போலிருக்கும் பழத்தைப் பார்த்து இனம் பிரிப்பது பழகிய கண்ணுக்கே கடினம்.

கொட்டைப்பாக்கில் உள்ள அரிகோலின், நாடாப்புழுவின் தசையை முடக்குவதோடு விலங்கின் குடலையும் வேகமாக அசையவைத்து வெளித்தள்ளுகிறது. நாய்களின் நாடாப்புழுவுக்கு அரிகோலின் உப்பு பல நாடுகளில் ஒரு காலத்தில் மருந்தாகவே கொடுக்கப்பட்டது. பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியதாக இருந்ததால், பிராசிகுவாண்டல் என்ற வேதி மருந்து வந்ததும் அது ஓரங்கட்டப்பட்டது. பூசணி விதையில் உள்ள குகர்பிட்டின் இதைவிட மென்மையானது, ஆனால் ஆற்றலும் குறைவு.

வேம்பைப் பற்றி எதிர்பார்ப்பு அதிகம். பூச்சிகளின் தோலுரிப்பைக் குலைக்கும் அசாடிராக்டின் வேப்பங்கொட்டையில்தான் செறிந்திருக்கிறது, இலையில் மிகக் குறைவு. கோழிகளில் நடந்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அதன் கசப்பு தீவனம் எடுப்பதைக் குறைக்கும் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு அதிகமில்லை.

கண்ணாடித் தட்டிலிருந்து கோழியின் குடல் வரை

'இந்தச் சாறு 100 விழுக்காடு புழுவைக் கொன்றது' என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டில் நடந்தவை. அவற்றிலும் பல மண்புழுவை வைத்துச் செய்யப்பட்டவை. மண்புழு எளிதில் கிடைக்கிறது, பார்ப்பதற்கு உருளைப்புழு போலிருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் சொல்ல முடியாது. மண்புழு வளையத்தசைப் பிரிவைச் சேர்ந்தது, ஈரத்தோலால் மூச்சுவிடுவது, காரமான எந்தச் சாறும் அதை வாட்டும். குடலின் செரிமானச் சாற்றையே தாங்கி வாழும்படி தடித்த புறத்தோல் கொண்ட அஸ்காரிடியாவோடு அதை ஒப்பிடுவது பொருந்தாது. இறைச்சிக்கூடத்தில் எடுத்த உண்மையான கோழிப்புழுவை வைத்துச் செய்த சோதனை இதைவிட மேல், என்றாலும் அங்கேயும் அளவு என்ற இடர் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

1. தட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற செறிவில் சாற்றுப்பொடி புழுவைக் கொன்றதாகக் கொள்வோம்.

2. ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனமும் 220 மில்லிலிட்டர் தண்ணீரும் எடுக்கிறது. இரண்டும் சேர்ந்து 330 கிராம்.

3. குடலுக்குள் போகும் அனைத்திலும் அதே செறிவு இருக்க வேண்டுமென்றால் நாளுக்கு 3.3 கிராம் சாற்றுப்பொடி தேவை.

4. காய்ந்த இலையிலிருந்து 10 விழுக்காடு சாறு கிடைக்கும் என்று வைத்தால், அதற்கு 33 கிராம் காய்ந்த இலை வேண்டும். அதாவது தீவனத்தின் எடையில் 30 விழுக்காடு.

எந்தக் கோழியும் இதைத் தின்னாது, தின்றாலும் முட்டையிடாது. உண்மையில் நிலைமை இதைவிடக் கடினம். கோழியின் குடலில் தீனி சில மணி நேரமே தங்குகிறது, தட்டிலோ புழு சாற்றில் 24 மணி நேரம் கிடக்கிறது. சாற்றின் ஒரு பகுதி குடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். குடல் சவ்வுக்குள் பதிந்திருக்கும் இளம்புழுவை உட்குழியில் ஓடும் சாறு எட்டுவதும் அரிது. இத்தனை தடைகளையும் தாண்டி உயிருள்ள கோழியில் புழு எண்ணிக்கை 30 அல்லது 40 விழுக்காடு குறைந்தால் அது ஒரு நல்ல மூலிகையே. ஆனால் வேதி மருந்திடம் நாம் எதிர்பார்க்கும் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நீக்கம் அதுவல்ல.

ரத்தக்கழிச்சலில் மட்டும் 'அரைகுறை' பயன் தருவது ஏன்

ஐமீரியாவின் வாழ்க்கைச் சுழற்சி நாள் கணக்கில் முடிவது. எச்சத்தில் வெளிவரும் முட்டையுறை போன்ற வித்து, ஈரமும் காற்றும் வெப்பமும் இருந்தால் ஒன்று இரண்டு நாளில் நோய்பரப்பும் நிலையை அடைகிறது. விழுங்கிய கோழி ஒரு வாரத்துக்குள் பல்லாயிரம் வித்துகளை வெளியிடுகிறது. நோயின் கடுமை விழுங்கிய வித்துகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. சிறு அளவில் தொற்றினால் கோழி நோயுறாமல் எதிர்ப்பாற்றல் மட்டும் பெறுகிறது. இதன் அடிப்படையில்தான் ரத்தக்கழிச்சல் தடுப்பூசியே இயங்குகிறது.

ஆகவே இங்கே முழுமையான ஒழிப்பு தேவையில்லை. தொற்றின் வேகத்தைத் தணித்து, குஞ்சு தன் எதிர்ப்பாற்றலைக் கட்டிக்கொள்ளக் காலம் வாங்கித் தந்தால் போதும். மூலிகையின் மிதமான ஆற்றல் இந்தத் தேவைக்குப் பொருந்துகிறது. அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஆர்ட்டிமீசியா ஆனுவா என்ற செடியின் காய்ந்த இலையும் அதிலிருந்து எடுத்த ஆர்ட்டிமிசினினும் சில ஐமீரியா இனங்களின் தாக்குதலைக் குறைத்தன, எல்லா இனங்களையும் அல்ல. மலேரியாவுக்கு அந்தப் பொருளைக் கண்டறிந்த தூ யூயூ 2015-இல் நோபல் பரிசு பெற்றதும், செடியின் பெயர் கால்நடைத் தீவனச் சந்தைக்கும் வந்துவிட்டது. நம்மூர் மாசிப்பத்திரியும் மரிக்கொழுந்தும் அதே ஆர்ட்டிமீசியா பேரினத்தைச் சேர்ந்தவைதான். ஆனால் ஆர்ட்டிமிசினின் தேறும் அளவில் இருப்பது ஆனுவா இனத்தில். உறவுமுறையை வைத்து மரிக்கொழுந்தைக் கோழிக்கு அரைத்துக் கொடுத்தால் கூண்டு மணக்கும், அவ்வளவே.

ஓரிகானோவின் கார்வக்ரால், மஞ்சளின் குர்குமின் முதலியவையும் இதே போக்கில் குடல் புண்ணையும் வித்து வெளியேற்றத்தையும் ஓரளவு குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ரத்தம் கழியத் தொடங்கிவிட்ட குஞ்சுக்கு இவை மருந்தாகா. அந்நிலையில் ஆம்ப்ரோலியமோ டோல்ட்ரசூரிலோ கொடுக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் சாவு கூடும்.

மூலிகைக்கும் பக்கவிளைவு உண்டு

டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த இலைகள் தீவனப் புரதத்தோடு பிணைந்து, கோழிக்குப் புரதம் எட்டாமல் செய்கின்றன. சூபாபுல் என்ற தீவன மரத்தின் இலையிலும் விதையிலும் உள்ள மைமோசின் வளர்ச்சியைக் கெடுக்கிறது. பப்பாளி விதைச் சாறு எலிகளிலும் குரங்குகளிலும் விந்தணு உற்பத்தியைக் குறைத்தது நிறுவப்பட்டது. எம்பெலினுக்கும் எலிகளில் அதையொத்த கருத்தடை விளைவு பதிவாகியிருக்கிறது. இனப்பெருக்கச் சேவல் வைத்திருப்பவர் இவ்விரண்டையும் தொடர்ந்து கொடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மூலிகை மருத்துவப் பணியும், தேசியப் பால்வள வாரியத்தின் பரப்புரையும் சேர்ந்து, மாட்டின் குடற்புழுவுக்கான கலவை ஒன்றைப் பரவலாக அறியச் செய்திருக்கின்றன. வெங்காயம், பூண்டு, கடுகு, வேப்பிலை, சீரகம், பாகற்காய், மஞ்சள், மிளகு, வாழைத்தண்டு, தும்பை, வெல்லம் என்பது அதன் சேர்மானம். இதைக் கோழிக்கும் சிலர் எடையை வைத்து வகுத்துக் கொடுக்கிறார்கள். அசைபோடும் மாட்டின் முதலிரைப்பையில் நுண்ணுயிர்கள் சாற்றை நாள் கணக்கில் மாற்றியமைக்கின்றன, கோழிக்கு அந்த உறுப்பே இல்லை. மாட்டின் எடை 400 கிலோ, கோழியின் எடை 2 கிலோ என்று வகுத்தால் வருவது ஓர் எண்தான், கோழிக்கான மருந்தளவு அல்ல. கோழிக்கென்று வரையறுத்த கலவையையும் அளவையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குவதே சரி.

முட்டையில் தங்கும் மருந்தெச்சம் குறித்தும் ஒரு சொல். லெவமிசோல், முட்டை விற்கும் கோழிகளுக்குப் பல நாடுகளில் அனுமதிக்கப்படவில்லை. இந்த அச்சத்தால் மூலிகைக்கு மாறுவது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் மூலிகைப் பொருள்களில் பலவற்றுக்கு முட்டையில் எவ்வளவு தங்குகிறது என்று அளந்து வரம்பு வைக்கப்படவே இல்லை. அளக்காததை இல்லாதது என்று கொள்ள முடியாது.

பயன் தந்ததா என்று அறிவது எப்படி

எச்சத்தில் புழு விழுந்ததைச் சான்றாகக் கொள்வதே வழக்கம். அது போதாது. முதிர்ந்த உருளைப்புழுக்கள் மருந்தில்லாமலும் அவ்வப்போது வெளியேறும். நாடாப்புழுவின் கணுக்கள் எவ்வளவு உதிர்ந்தாலும் தலை குடலில் இருந்தால் அது மீண்டும் வளரும். மூன்று மாத வயதைக் கடக்கும் கோழிகளில் அஸ்காரிடியாவுக்கு எதிர்ப்பு தானாகவே கூடுவதால், அந்த நேரத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் அதற்கே பெயர் போய்ச் சேரும்.

இதற்கு மாற்று, எச்சத்தில் உள்ள புழு முட்டைகளை எண்ணுவது. மந்தையை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்கு மட்டும் மூலிகை கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்பும், கொடுத்து 10 முதல் 14 நாள் கழித்தும் இரு பகுதிகளிலிருந்தும் புதிய எச்சத்தைப் பல இடங்களில் எடுத்துக் கலந்து, கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவிலோ அருகிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ எண்ணித் தரச் சொல்லலாம். ஒரு கிராம் எச்சத்துக்கு எத்தனை முட்டை என்று முடிவு வரும்.

எடுத்துக்காட்டாக, மூலிகை கொடுத்த பகுதியில் 800 என்பது 480 ஆகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். 40 விழுக்காடு குறைவு என்று தோன்றும். கொடுக்காத பகுதியிலும் 750 என்பது 600 ஆகக் குறைந்திருந்தால், அதாவது தானாகவே 20 விழுக்காடு குறைந்திருந்தால், மூலிகைக்கு உரியது 25 விழுக்காடு மட்டுமே. 480-ஐ 800-ஆல் வகுத்தால் 0.6, 600-ஐ 750-ஆல் வகுத்தால் 0.8, முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.75. மீதமுள்ள கால் பங்குதான் மூலிகையின் வேலை. ஒப்பீட்டுப் பகுதி இல்லாமல் செய்த சோதனைகள் இந்த வேறுபாட்டைக் காட்டுவதே இல்லை.

இதே எண்ணிக்கையை வேதி மருந்துக்கும் செய்து பார்க்கலாம், செய்யவும் வேண்டும். அமெரிக்காவில் வான்கோழிகளைத் தாக்கும் அஸ்காரிடியா இனம் ஒன்றில் ஃபென்பெண்டசோல் என்ற புழுமருந்துக்கு எதிர்ப்பு உருவாகியிருப்பது அண்மை ஆண்டுகளில் உறுதிப்பட்டிருக்கிறது. மாதம் தவறாமல் ஒரே மருந்தை ஊற்றும் பண்ணையில் இது நேரக்கூடியதே.

25 விழுக்காட்டை வைத்து என்ன செய்வது

இங்கேதான் கூளம் வருகிறது. ஒரு பண்ணையில் உள்ள அஸ்காரிடியாவின் மிகப் பெரும்பகுதி கோழிக்குள் இல்லை, தரையில் முட்டையாகக் கிடக்கிறது. அந்த முட்டையின் ஓடு தடித்தது. கிருமிநாசினிகள் பலவற்றைத் தாங்கும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வெயிலும் வறட்சியும்தான் அதற்குப் பகை. கோழிக்குள் 95 விழுக்காடு புழுவைக் கொன்று, ஈரக்கூளத்தை அப்படியே விட்டால் இரண்டு மாதத்தில் பழைய நிலை திரும்பும். கூளத்தை உலர்வாக வைத்திருக்கும் கொட்டகையிலோ, ஒவ்வொரு வாரமும் விழுங்கும் முட்டை குறைவாக இருப்பதால், மூலிகை தரும் கால் பங்குக் குறைவு அடுத்தடுத்த சுழற்சியில் சேர்ந்துகொண்டே போகிறது.

எனவே நடைமுறையில் வரிசை இப்படி அமையும்.

1. குஞ்சு இறக்குவதற்கு முன் பழைய கூளத்தை முழுதும் அகற்றித் தரையைக் காயவிட வேண்டும். உமியோ நிலக்கடலைத் தோலோ புதிதாகப் பரப்பி, தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த கூளத்தை அன்றன்றே அள்ள வேண்டும். ரத்தக்கழிச்சலுக்கும் இதுவே முதல் தடுப்பு.

2. முதல் எட்டு வாரக் குஞ்சுகளை முதிர்ந்த கோழிகளோடு மேயவிடக் கூடாது. முதிர்ந்த கோழி நோய் காட்டாமல் புழு முட்டையைப் பரப்பிக்கொண்டிருக்கும். வான்கோழியைக் கோழி மேய்ந்த இடத்தில் எப்போதுமே விடக் கூடாது.

3. எட்டாவது வாரத்தையொட்டி எச்சத்தை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை மிகுதியாக இருந்தால் மருத்துவர் சொல்லும் வேதி மருந்தை முழு அளவில் ஒருமுறை கொடுத்துவிட வேண்டும். குறைவான அளவில் அடிக்கடி கொடுப்பது எதிர்ப்பை வளர்க்கும்.

4. அதன் பிறகுதான் மூலிகையின் முறை. இளம்புழு சவ்விலிருந்து வெளிவரும் காலத்தைக் கணக்கில் கொண்டு, ஒரே நாளில் நிறையக் கொடுப்பதைவிட வாரம் இரண்டு மூன்று நாள் என்று தொடர்ந்து கொடுப்பது பொருத்தமானது. பச்சையாக நசுக்க வேண்டியதைப் பச்சையாகவும், அன்றே அரைத்தும், மொத்தத் தீவனம் குறையாத அளவிலும் கொடுக்க வேண்டும்.

5. நாடாப்புழு தொடர்ந்து தெரிந்தால், மூலிகையை மாற்றிப் பார்ப்பதற்கு முன் கொட்டகையின் எறும்புப் புற்றையும் எருக்குழி வண்டையும் பார்க்க வேண்டும்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒருமுறையும் முடிந்து ஒரு மாதம் கழித்து ஒருமுறையும் எச்சத்தை எண்ணினால் ஆண்டுக்குப் பெரும்பாலும் போதும். இரண்டாவது எண்ணிக்கை முதலாவதைவிட ஏறியிருந்தால், அந்தக் கொட்டகையில் முதலில் சரிசெய்ய வேண்டியது கூளத்தின் ஈரம்.